அழுகையும் ஒரு பேச்சே

(பேச்சுத் தாமதமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காகத் தோட்ட மண்டபம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிரையில் மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய நீங்கள், ஓய்வு கொள்ள வேண்டிய மாலைப் பொழுதை எங்களுக்கு அளித்துள்ளீர்கள். அதற்கு முதற்கண் எங்கள் நன்றி உரியதாகுக. நாங்கள் இருவர். எங்களுள் ஒருவர் பேச்சுப் பயிற்சி வல்லுநர். மற்றவர் நடத்தை ஆய்வாளர். இருவரும் ஒரே மேடையில் நின்று ஒரே உரையை ஆற்றுவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்குரிய காரணமே இன்றைய உரையின் பொருளாகும்.

‘அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நாம் அதனை நாள்தோறும் சொல்லுகின்றோம். ஆனால் அதனுள் அடங்கியிருக்கும் இரண்டு உண்மைகளை நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. பிள்ளையின் அழுகை ஒரு செய்தி என்பது முதல் உண்மை. அழுதால் பால் கிடைக்கின்றது என்பதனாலேயே பிள்ளை மறுமுறையும் அழுகின்றது என்பது இரண்டாம் உண்மை. முதல் உண்மையைத் தொழிலாகக் கொண்டவர் பேச்சுப் பயிற்சி வல்லுநர். இரண்டாம் உண்மையைத் தொழிலாகக் கொண்டவர் நடத்தை ஆய்வாளர். பழமொழி ஒன்றுதான், அதனை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக் கொண்டால், இடையில் நின்று வாடுவது குழந்தையே.

இரு தொழில், ஒரு குழந்தை

பேச்சுப் பயிற்சி வல்லுநர் என்போர், குழந்தை எவ்வாறு ஒலி எழுப்புகின்றது, பிறர் சொல்வதை எந்த அளவு புரிந்து கொள்கின்றது, கண்ணாலும் கையாலும் முகத்தாலும் எவற்றைத் தெரிவிக்கின்றது, அடுத்து எந்தச் சொல்லைக் கற்கும் நிலையில் உள்ளது என்பவற்றை ஆராய்பவர்கள். மெல்லுவதிலும் விழுங்குவதிலும் உள்ள இடர்களைக் கவனிப்பதும் அவர்தம் பணியே. நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் இத்துறைக்கான பட்டப்படிப்பை 1995ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இன்று அரசாங்க மருத்துவமனைகள் பலவற்றில் இவ்வல்லுநர்கள் பணியாற்றுகின்றனர்.

நடத்தை ஆய்வாளர் என்போர் வேறொரு கோணத்திலிருந்து பார்ப்பவர்கள். குழந்தை ஒரு செயலைச் செய்வதற்கு முன் என்ன நிகழ்ந்தது, அச்செயல் யாது, அதன்பின் குழந்தைக்குக் கிடைத்தது என்ன என்று மூன்றையும் குறித்து வைத்து, அச்செயல் எதனால் நிலைத்து நிற்கின்றது என்று கண்டறிவது இவர்கள் பணி. நம் நாட்டில் இவர்களின் தொகை இன்னும் குறைவே. பெரும்பாலோர் பட்டணங்களில் உள்ள தனியார் நிலையங்களிலேயே உள்ளனர்.

இவ்விரண்டு தொழிலுக்கும் உள்ள உறவை உங்களுக்கு விளக்க வேறு உவமை தேட வேண்டுவதில்லை. வெட்டு நன்றாக இருந்தும் மங்கு கவிழ்ந்து கிடந்தால் பால் மண்ணில் ஓடும். மங்கு நேராக இருந்தும் வெட்டுச் சரியில்லையென்றால் அது காலியாகவே இருக்கும். வெட்டு வேறு, மங்கு வேறு. ஆனால் மரம் ஒன்றே. இதனை நாங்கள் நூல்களில் மட்டும் படித்து அறிந்தோமல்லோம். தவறு செய்து அறிந்தோம். அந்தத் தவற்றை உங்கள் முன் மறைக்காமல் சொல்லுகின்றோம்.

நாங்கள் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டமொன்றிலிருந்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் எங்களிடம் வந்தான். பெயர் வேண்டுவதில்லை, ‘தம்பி’ என்றே குறிப்போம். அவனுக்கு ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருந்தார். ஒரு சொல்லும் பேசமாட்டான். நாளொன்றுக்குப் பலமுறை அலறித் தலையைச் சுவரில் மோதுவான்; தன் கையைத் தானே கடித்துக் கொள்வான். தாயும் தந்தையும் மரம் வெட்டுபவர்கள். அவர்கள் திரும்பும்வரை பாட்டியே அவனைப் பார்த்துக் கொள்வார்.

தாய் அவனைத் திங்கட்கிழமை எங்களுள் ஒருவரிடமும், வியாழக்கிழமை மற்றவரிடமும் அழைத்து வந்தார். இரண்டு இடங்களும் வெவ்வேறு. ஒவ்வொரு முறையும் பேருந்துச் செலவு. ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம் போயிற்று.

நடத்தை ஆய்வாளர் சொன்னார்: “அவன் அலறும்போது பிஸ்கட்டைக் கொடுத்துவிடாதீர்கள். அடிபடாமல் காத்துக் கொண்டு, வேறு எவ்வகையிலும் கவனியாதவர்போல் இருந்துவிடுங்கள். கவனித்தால் அலறல் வளரும்.”

பேச்சு வல்லுநர் சொன்னார்: “அவன் அலறும்போது அவனருகில் அமருங்கள். முகம் பார்த்துப் பேசுங்கள். ‘பிஸ்கட்’ என்ற சொல்லைச் சொல்லிக் காட்டிப் பிஸ்கட்டைக் கொடுங்கள். பேச்சு வளரும்.”

தாய் முதல் வழியைப் பின்பற்றினார். பாட்டிக்குப் பேரன் அழப் பொறுக்கவில்லை. அவர் இரண்டாம் வழியைப் பின்பற்றினார். ஒரே வீட்டில் காலையில் ஒரு சட்டம், மாலையில் ஒரு சட்டம். சில வேளை அலறினால் கிடைக்கும், சில வேளை கிடைக்காது என்ற நிலையில் எந்தக் குழந்தையும் மேலும் நீண்ட நேரம், மேலும் உரக்க அலறக் கற்றுக் கொள்ளும். தம்பியும் கற்றுக் கொண்டான். மூன்று மாதங்களில் அவன் நெற்றியில் தழும்பு ஏறிற்று. கையில் கடித்த புண் ஆறவேயில்லை.

எங்களுள் ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவர் படித்ததில்லை. ஒருவரையொருவர் தொலைபேசியில்கூட அழைத்ததில்லை. “மற்றவர் என்ன சொல்லியிருக்கின்றார்?” என்று அத்தாயிடம் நாங்கள் கேட்டதுமில்லை.

ஒரு நாள் அந்தத் தாய் வந்தார். மகனை அழைத்து வரவில்லை. நிதானமாகவே பேசினார். “ஐயா, அந்த அம்மாவும் நீங்களும் முதலில் ஒருவரோடு ஒருவர் பேசிக் கொள்ளுங்கள். பிறகு என் பிள்ளைக்குப் பேசக் கற்றுக் கொடுங்கள்” என்று கூறிவிட்டுச் சென்றார். அதற்குப் பின்னர்தான் நாங்கள் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தோம். அச்சொற்கள் இன்றும் எங்கள் காதில் உள்ளன.

பிரிவினை எங்கிருந்து வந்தது?

இவ்வாறு இரு துறையினரும் விலகி நிற்பது எங்கள் இருவரோடு தோன்றியதன்று. அமெரிக்காவில் பேச்சுத் துறையினர் 1925ஆம் ஆண்டிலேயே தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர். நடத்தை ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் அங்கே 1998ஆம் ஆண்டில்தான் தோன்றிற்று. கல்வி வேறு, தேர்வு வேறு, கலைச்சொற்களும் வேறு.

கருத்து மோதலும் இருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் ஸ்கின்னர், பேச்சும் மற்றச் செயல்களைப் போன்ற ஒரு செயலே என்றும், அதனால் விளையும் பலனே அதனை வளர்க்கின்றது என்றும் 1957ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். மொழியியல் அறிஞர் சோம்ஸ்கி 1959ஆம் ஆண்டில் அந்நூலைக் கடுமையாக மறுத்து எழுதினார். இதுவரை கேட்டிராத வாக்கியங்களையும் குழந்தை புதிதாகச் சொல்லுகின்றதே, அது எவ்வாறு என்பது அவர் மறுப்பின் ஒரு கூறு. நடத்தை ஆய்வாளர்கள் ஸ்கின்னரின் வழியில் சென்றனர். பேச்சுத் துறையில் மொழியியலின் செல்வாக்கு ஓங்கிற்று. அறிஞர்களின் வாதத்தால் அறிவு வளரும். அதனை நாங்கள் குறை கூறவில்லை. ஆயினும், அவ்வாதம் சுவரில் தலை மோதும் குழந்தையின் வீட்டு வாசலிலும் வந்து நிற்பது நல்லதன்று.

இன்னுமொன்றையும் மறைத்தலாகாது. முற்காலத்தில் நடத்தைப் பயிற்சி என்ற பெயரால் குழந்தைகளை அடித்தும் அதட்டியும் துன்புறுத்திய நிலையங்கள் இருந்தன. ஆட்டிசத்துடன் வளர்ந்து பெரியவர்களான பலர் அந்த வேதனையை இன்று வெளிப்படையாகப் பேசுகின்றனர். அவர்கள் சொல்வதை எங்கள் துறையினர் செவிமடுத்தே ஆகவேண்டும். குழந்தையை அடக்கி வைப்பது பயிற்சியாகாது. தன் தேவையை அது தானே தெரிவிக்கும் ஆற்றலைப் பெறச் செய்வதே பயிற்சி.

1985: இரண்டு நல்ல செய்திகள்

இவ்விரு துறைகளும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதை 1985ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று.

அவ்வாண்டில் எட்வர்ட் கார், மார்க் டூரண்ட் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகள் வகுப்பில் ஆத்திரப்பட்டுப் பொருள்களை எறிந்தும், தங்களைத் தாங்களே தாக்கியும் வந்தனர். இவர்களை எவ்வாறு தண்டிப்பது என்று அவ்வாய்வாளர்கள் கேட்கவில்லை. எப்போது, எதற்காக இவ்வாறு செய்கின்றனர் என்று கேட்டனர். சிலர் பாடம் கடினமான வேளையில் அவ்வாறு செய்தனர். சிலர் ஆசிரியரின் கவனம் கிட்டாத வேளையில் செய்தனர். ஆகவே முதல் வகையினருக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக் கொடுத்தனர். சொன்னவுடன் உதவி கிடைத்தது. இரண்டாம் வகையினருக்கு ‘நான் நன்றாகச் செய்கின்றேனா?’ என்று கேட்கக் கற்றுக் கொடுத்தனர். கேட்டவுடன் பாராட்டுக் கிடைத்தது. ஆத்திரச் செயல்கள் பெரிதும் குறைந்தன.

இவ்வாய்வில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காரணத்திற்குப் பொருந்தாத சொல்லைக் கற்பித்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. பாடம் கடினம் என்று தவிக்கும் பிள்ளைக்குப் பாராட்டைக் கேட்கும் சொல்லைக் கற்பித்தால் அது உதவாது. பூட்டுக்கு ஏற்ற சாவி வேண்டும். எந்தப் பூட்டு என்று கண்டறிவது நடத்தை ஆய்வாளரின் திறம். அந்தக் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் அறிவுக்கும் ஏற்ற சாவியைச் செய்து கொடுப்பது பேச்சு வல்லுநரின் திறம்.

அதே 1985ஆம் ஆண்டில், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், ஆட்டிசமுள்ள குழந்தைகளுக்கான கல்வித் திட்டத்தில் இருவர் இணைந்து பணியாற்றினர். ஒருவர் நடத்தை ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாண்டி. மற்றவர் பேச்சுப் பயிற்சி வல்லுநர் லோரி ஃபிராஸ்ட். இருவரும் கூடி உருவாக்கியதே ‘படப் பரிமாற்ற முறை’. இன்று பல நாடுகளில் அது வழங்குகின்றது.

அம்முறை எளிதாகக் கடையில் பொருள் வாங்குவது போன்றது. நாம் காசைக் கொடுத்துப் பொருளைப் பெறுகின்றோம்; குழந்தை படத்தைக் கொடுத்துப் பொருளைப் பெறுகின்றது. படத்தை வெறுமனே தொட்டுக் காட்டினால் அதை எவருக்குச் சொல்லுகின்றது என்பது விளங்காமற் போகலாம். கையில் எடுத்து வந்து மற்றொருவர் கையில் வைக்கும்போது, அது ஒருவரை நாடி வந்து பேசுகின்றது; பேச்சின் வேர் அதுவேயன்றோ?

அம்முறைக்கு ஆறு படிகள் உண்டு. முதற்படியில் பெரியவர் இருவர் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரில் அமர்ந்து, அதற்கு விருப்பமான பொருளைக் கையில் வைத்திருப்பார். மற்றவர் குழந்தையின் பின்னால் அமர்ந்து, அது பொருளை நோக்கிக் கை நீட்டும்போது, அதன் கையைப் பிடித்துப் படத்தை எடுத்து எதிரில் இருப்பவரிடம் கொடுக்கச் செய்வார். கொடுத்தவுடன் எதிரில் இருப்பவர் பொருளின் பெயரைச் சொல்லிப் பொருளைத் தருவார். பின்னால் இருப்பவர் ஒரு சொல்லும் பேசலாகாது. நாளடைவில் தம் கையுதவியைக் குறைத்துக் கொண்டே வருவார். ‘என்ன வேண்டும்?’ என்று முதலில் கேட்பதுமில்லை. கேட்டால்தான் சொல்வது என்ற பழக்கம் வந்துவிட்டால், கேட்பாரில்லாத வேளையில் குழந்தை மீண்டும் ஊமையாகிவிடும் அல்லவா?

இரண்டாம் படியில் குழந்தை எழுந்து நடந்து சென்று படத்தைக் கொடுக்கப் பழகும். மூன்றாம் படியில் பல படங்களுள் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும். நான்காம் படியில் ‘எனக்கு வேண்டும்’ என்னும் படத்தையும் பொருளின் படத்தையும் ஓர் அட்டையில் சேர்த்து வாக்கியமாக்கும். ஐந்தாம் படியில் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்னும் வினாவுக்கு விடை தரும். ஆறாம் படியில் ‘நான் பார்க்கின்றேன்’, ‘நான் கேட்கின்றேன்’ என்று, எதையும் வேண்டாமலேயே தன் அனுபவத்தைப் பிறருடன் பகிர்ந்து கொள்ளும்.

கையுதவியை எப்போது கொடுப்பது, எவ்வாறு குறைப்பது, பலனை எவ்வளவு விரைவில் தருவது என்னும் அறிவு நடத்தை ஆய்வாளரிடமிருந்து வந்தது. ஒருவரை நாடிச் செல்வதே பேச்சின் தொடக்கம், வேண்டுவதற்குப் பின் விடை தருதல், பின்னர்ப் பகிர்தல் என்னும் அறிவு பேச்சுத் துறையிலிருந்து வந்தது. ஒருவரே செய்திருப்பின் இம்முறை இவ்வடிவில் பிறந்திராது.

“படம் கொடுத்துப் பழகிவிட்டால் பிள்ளை வாய் திறந்து பேசாதே!” என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. படம், கைச்சைகை, கருவி ஆகிய துணைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2006ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. அதில் நுணுகி ஆராயப்பட்ட 27 பேருள் ஒருவருக்கும் இருந்த பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவேனும் பேச்சு கூடிற்று. படம் பேச்சுக்குப் பகையன்று. ஆயினும் எல்லாக் குழந்தைகளும் வாய்ப்பேச்சுப் பெறுவர் என்று நாங்கள் வாக்களிக்க மாட்டோம். அவ்வாறு வாக்களிப்பவரை நீங்களும் நம்ப வேண்டா.

மூன்று மங்குகள்

இனித் தம்பியின் கதைக்குத் திரும்புவோம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து, மன்னிப்புக் கேட்பதற்காகவே அவன் வீட்டுக்குச் சென்றோம். பாட்டிக்கு எழுதத் தெரியாது. ஆகவே பழைய பால் மங்குகள் மூன்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வரிசையாக வைத்தோம். முதல் மங்கு, ஏதோ ஒரு பொருள் வேண்டி அலறினான் என்பதற்கு. இரண்டாம் மங்கு, ஒருவரின் கவனம் வேண்டி அலறினான் என்பதற்கு. மூன்றாம் மங்கு, ஏதோ ஒன்றிலிருந்து தப்ப வேண்டி அலறினான் என்பதற்கு. அவன் அலறும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் அடங்கினான் என்று பார்த்துப் பாட்டி உரிய மங்கில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து எண்ணினோம். மூன்றாம் மங்கே நிறைந்திருந்தது. தலையில் தண்ணீர் ஊற்றும்போது, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமும்போது, பலர் கூடிப் பேசும்போது, அவன் தலையை மோதினான். எங்களுள் ஒருவர் ‘பிஸ்கட் கொடுக்காதீர்கள்’ என்றோம்; மற்றவர் ‘பிஸ்கட் என்று சொல்லிக் கொடுங்கள்’ என்றோம். அவனோ பிஸ்கட்டைக் கேட்கவேயில்லை. ‘போதும், நிறுத்துங்கள்’ என்றே மூன்று மாதங்களாக எங்களிடம் கதறியிருக்கின்றான்.

ஆதலால் அவனுக்கு நாங்கள் கற்பித்த முதற்சொல் பாலுமன்று, பிஸ்கட்டுமன்று, ‘போதும்’ என்பதே. விரித்த கை ஒன்றின் படத்தை அட்டையில் வரைந்தோம். அதனைக் குளியலறைக் கதவிலும் கூடத்துச் சுவரிலும் அவன் கைக்கு எட்டும்படி தொங்கவிட்டோம். தண்ணீர் ஊற்றும்போது அவன் முகம் சுளித்த உடனே, அலறுவதற்கு முன்னரே, தந்தை பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து அட்டையைத் தாயிடம் கொடுக்கச் செய்வார். தாய் ‘போதும்’ என்று சொல்லி, அந்தக் கணமே நிறுத்திவிடுவார். சிறிது நேரம் கழித்தே மறுபடியும் ஒரு குவளை தண்ணீர். தாய், தந்தை, பாட்டி, நாங்கள் இருவர் ஆகிய ஐவரும் ஒரே அட்டை, ஒரே சொல், ஒரே பதில் என்று உறுதி கொண்டோம். நிலையத்தில் வழங்கும் மலாய்ச் சொல்லையும் ஒதுக்கி வைத்து, வீட்டில் வழங்கும் தமிழ்ச் சொல்லையே எங்கும் வழங்கினோம்.

தம்பி இரண்டாம் வாரத்தில் தானாக அட்டையை எடுத்தான். நான்காம் மாதத்தில் கைப்புண் ஆறிற்று. அட்டையை நீட்டும்போதே ‘போ…’ என்று ஓர் ஒலியும் பின்னர் எழுந்தது. அது முழுச் சொல்லன்று. அவனுடைய இடர்கள் யாவும் நீங்கிவிடவும் இல்லை. இன்றும் சில நாள்களில் தலையை மோதுவான். ஆனால் அவ்வீட்டில் இப்போது அவன் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவன் ‘போதும்’ என்றால் உலகம் சற்றே நிற்கின்றது.

பெற்றோர் கவனத்திற்கு

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒரு குழந்தை 12 மாதத்தில் மழலை ஒலி எழுப்பவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை, 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துத் தானாகப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டா. பேசிக் கொண்டிருந்த பிள்ளை எந்த வயதிலாவது பேச்சை இழந்தால் உடனே செல்லுங்கள். ‘அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று ஆண்டுகளைக் கடத்துவது நன்றன்று.

முதலில் அருகிலுள்ள அரசாங்க உடல்நல நிலையமாகிய கிளினிக் கெசிஹாத்தானுக்குச் செல்லுங்கள். குழந்தையின் உடல்நலப் பதிவேட்டை மறவாது எடுத்துச் செல்லுங்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்கும்படி கேளுங்கள். காது கேளாக் குழந்தை பேச்சை எவ்வாறு கற்கும்? திடீரென்று அலறத் தொடங்கிய பிள்ளையாயின், காதுவலி, பல்வலி, வயிற்றுவலி உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வலியில் துடிக்கும் பிள்ளைக்கு வேண்டியது மருந்தேயன்றி நடத்தைப் பயிற்சியன்று.

சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்து ஓ.கே.யூ. அட்டை பெறலாம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவர்தம் உரிமைகளை எடுத்துரைக்கின்றது. பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்களும் உள்ளன. 1984ஆம் ஆண்டில் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய அத்திட்டம் பின்னர் நாடெங்கும் பரவிற்று.

இருவரிடம் பயிற்சி பெறும் குழந்தையாயின், ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வாங்குங்கள். ஒருவர் சொன்னதை அதில் எழுதச் செய்து மற்றவரிடம் காட்டுங்கள். இருவர் சொல்வதும் முரண்பட்டால் நீங்களே தீர்ப்புச் சொல்ல முயல வேண்டா; “ஐயா, அம்மா, நீங்கள் இருவரும் பேசி ஒரே வழி சொல்லுங்கள்” என்று துணிந்து கேளுங்கள். அது அவமரியாதையன்று, உங்கள் உரிமை. ஊரில் நடத்தை ஆய்வாளர் இல்லையெனில், மூன்று மங்குகளின் கணக்கைப் பேச்சு வல்லுநரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்தே அவர் பலவற்றை அறிந்து கொள்வார்.

வீட்டில் செய்யத்தக்கவை சில உண்டு. குழந்தையிடம் தாய்மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழிகள் கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. எல்லோரும் ஒரே சொல்லையும் ஒரே சைகையையும் வழங்குங்கள். பேசினால்தான் சோறு என்று பட்டினி போடுவது கூடாது. அடிப்பது கூடவே கூடாது. அலறியபின் கொடுப்பதைவிட, அலறுமுன் குழந்தை காட்டும் சிறு குறிப்பைக் கண்டு, அதனைச் சொல்லாகவோ படமாகவோ மாற்றிக் கொடுப்பதே நல்லது.

கடைசியாக ஒன்று. ஆட்டிசம் தாய் செய்த பாவத்தால் வந்ததன்று, செய்வினையால் வந்ததுமன்று, தடுப்பூசியால் வந்ததுமன்று. வேலைக்குப் போனதால் பிள்ளை பேசவில்லை என்று எந்தத் தாயும் தன்னை நொந்து கொள்ள வேண்டா.

தோட்டத்தில் ஒரு மரத்தின் பட்டையைப் பார்த்தே அதன் நலத்தை அறியும் கண்கள் உங்களுடையவை. அதே கண்களால் உங்கள் குழந்தையின் அழுகையைப் பாருங்கள். அதனுள் ஒரு சொல் காத்திருக்கின்றது. அச்சொல்லைக் கண்டெடுப்பதற்கு எங்கள் இரு துறைகளும் தேவை. அவ்விரண்டையும் இணைக்கும் மூன்றாம் கை உங்களுடையது. ஒரு தாய் எங்களை ஒன்றாக்கினார். இனி வரும் குழந்தைகளுக்காவது அந்த மூன்று மாதங்கள் வீணாகாதிருக்கட்டும்.